வாக்ஸ் போடுவதற்கு முன் காரை ஷாம்பூ போட்டுக் கழுவினால் போதாதா? கிளே பார் (பெயின்டில் பதிந்த அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் மாதிரியான கட்டி), அயர்ன் ரிமூவர் (இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம்) எல்லாம் அவசியமா?

பல கார்களுக்குப் போதாது. அதற்காகக் கடைக்காரர் எடுத்து வைக்கும் எல்லா பாட்டிலையும் வாங்கவும் வேண்டாம்.

பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் வாடகைக்கு இருந்தபோது என்னிடம் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் இருந்தது. வெளியில்தான் நிற்கும். ஒரு பொங்கலுக்கு ஷாம்பூ போட்டுக் கழுவி, துடைத்து, ஆசை ஆசையாக வாக்ஸ் போட்டேன். நன்றாகத்தான் பளபளத்தது. மறுநாள் வெயிலில் கிட்டப் போய்ப் பார்த்தால் பானெட் முழுக்க மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. கார் துருப்பிடித்துவிட்டது என்று பதறி டிங்கரிங் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது உங்க வண்டி துரு இல்ல தம்பி, ரயில் துரு" என்றார்.

ரயில் சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் பெயின்டில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கிறது. ரயில் பக்கம் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். காரின் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்புதான், பிரேக் அடிக்க அடிக்க அதுவும் தேய்ந்து பறக்கிறது. கருப்புக் காரில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஷாம்பூ மேலே கிடக்கும் புழுதியை எடுக்கும், பதிந்து உட்கார்ந்ததை அசைக்காது.

உங்கள் காருக்கு இதெல்லாம் தேவையா என்பதைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். கழுவிய காரில், கையை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு, பானெட்டை லேசாகத் தடவுங்கள். துகள் பதிந்திருந்தால், வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம், கவருக்குள் ரவையைத் தடவுவது போல இருக்கும். அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் கிளே வேண்டாம். நேராக வாக்ஸுக்குப் போங்கள்.

சொரசொரப்பு இருந்தால், காரை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். நன்றாகக் கழுவியதும் கதவின் அடிப்பக்கத்தில் இருக்கும் தார்ப் புள்ளிகளுக்கு டார் ரிமூவர். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு, தார் போகும், எண்ணெய்ப் படலம் நின்றுவிடும். அடுத்து அயர்ன் ரிமூவர். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அடித்துச் சில நிமிடங்களில் வெள்ளைக் கதவு மேல் ஊதா நிறத்தில் கோடு கோடாக வடியும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பார். அதில் இருக்கும் தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனம் இரும்போடு சேர்வதால்தான் அந்த நிறம். நாற்றம் மட்டும் அழுகிய முட்டை. பார்லரில் முடி சுருட்டப் போடும் மருந்திலும் இதே வகைச் சரக்குதான். கையுறை போடுங்கள், காய விடாமல் கழுவிவிடுங்கள். என் காரில் முக்கால்வாசிப் புள்ளி இதிலேயே போய்விட்டது, அதனால் யாராவது கேட்டால் கிளேவுக்கு முன்னால் இதை வாங்கு என்றுதான் சொல்வேன்.

மிச்சத்துக்குத்தான் கிளே. பாதியாக வெட்டி, உள்ளங்கையில் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். முதலில் சரசரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. திருப்பிப் பார்த்தால் கிளேவில் பழுப்பாக அழுக்கு இருக்கும், மடித்துப் புது முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேயே மெல்லிய கீறல் போடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடர் நிறக் கார் என்றால் பிறகு பாலிஷ் தேவைப்படலாம். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் கிளே பக்கமே போகாதீர்கள். (அபார்ட்மென்டில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து கார் துடைக்கும் ஈரத்துணி போடும் கீறலுக்கு முன் இது ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம்.)

தண்ணீர் பற்றி ஒன்று. வீணாகக் கூடாது என்று ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறோம். மெஷினுக்குள் போகும் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

வாக்ஸ் என்றால் இத்தோடு போதும், சின்னக் குறை இருந்தாலும் சில மாதத்தில் வாக்ஸ் தானே போய்விடும். செராமிக் கோட்டிங் அப்படியில்லை. அது பெயின்டின் மேல் பூச்சோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், அடியில் மாட்டியதை எடுக்கப் பாலிஷ் போட்டுத் தேய்த்தாக வேண்டும். அதனால் செராமிக்குக்கு முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஒரு பங்குக்கு நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர் (பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றுவது) கலந்து துடைத்து, எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள்.

கிளேவைப் பாதியாக வெட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது கதவில் என் கை நழுவி அது தரையில் விழுந்தது. தண்ணீரில் அலசிப் பார்த்தேன், மணல் போகவே இல்லை. அதை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள்தான். குப்பையில் போட்டுவிட்டு, டப்பாவில் இருந்த மறுபாதியை எடுத்துத்தான் மீதிக் காரை முடித்தேன்.