எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய கார் விபத்தில் சிக்கினால் நஷ்டஈடு யார் தலையில்?

கேள்வி: வணக்கம் மேடம். 2024 மார்ச்சில் என் பழைய பெட்ரோல் காரை ஒரு ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்து, 16 லட்ச ரூபாய்க்கு எலக்ட்ரிக் கார் எடுத்தேன். பழைய வண்டிக்கு 2,60,000 கழித்துக்கொண்டார்கள். பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, பாரம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 2025 ஜூனில் அந்த வண்டி ஒரு பைக்கில் மோதி ஒருவர் இறந்துவிட்டாராம். இப்போது என்னை எதிர்மனுதாரராகச் சேர்த்து விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓட்டியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஷோரூமில் கேட்டால், அப்போதே ஒரு புரோக்கருக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். என் பெயரில் இருந்த இன்சூரன்ஸ் 2024 ஆகஸ்டோடு முடிந்தது, அதற்கப்புறம் யாராவது புதுப்பித்தார்களா தெரியவில்லை. நான் பணம் கட்ட வேண்டி வருமா? இன்னொன்று, புது காரும் சொன்ன ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) தரவில்லை, அதற்கும் கேஸ் போடலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி உங்கள் வாசலை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கலாம், பணமும் கணக்குத் தீர்ந்திருக்கலாம், ஆனால் விபத்தன்று ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருந்தால், செத்தவரின் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய உரிமையாளர் நீங்கள்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30) உரிமையாளர் என்று சொல்வது யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அதிலும் உங்கள் கதைதான்: 2007இல் விற்ற கார், பல கை மாறி, 2009இல் ஒரு சிறுவனின் உயிரை எடுத்தது, இன்சூரன்ஸ் இல்லை, ஆர்.சி. மட்டும் முதலில் விற்றவர் பெயரிலேயே இருந்தது. உயர் நீதிமன்றம் கடைசியாக வைத்திருந்தவர் கட்டட்டும் என்றது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றிப் பதிவு உரிமையாளர் தலையிலேயே வைத்தது. பாதிக்கப்பட்ட குடும்பம், வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று துப்புத் துலக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதுதான் காரணம், அது நியாயம்தான் என்று எனக்கும் படுகிறது.

சரி, இனி உங்களைக் காப்பாற்றக்கூடிய இரண்டு விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது இன்சூரன்ஸ். விபத்து நடந்த அன்று அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி (வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்), யார் எடுத்திருந்தாலும் சரி, நடப்பில் இருந்ததா என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. இருந்தால் பொதுவாக நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்ட வேண்டும். பெயர் மாறவில்லை என்ற சாக்கில் மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் அவர்கள் நழுவ முடியாது, பிரிவு 157 அதற்குத்தான் இருக்கிறது. வாங்கியவர் உங்கள் பெயரிலேயே பாலிசியைப் புதுப்பித்திருந்தாலும் கம்பெனி கட்ட வேண்டும் என்று 2011இல் புஷ்பா என்ற லீலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸோடு வந்த மனுவில் இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்மனுதாரராக இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பாதி மூச்சு விடலாம். பாதிதான், ஏனென்றால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் கம்பெனி முதலில் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கச் சொல்லி உத்தரவு வாங்க வாய்ப்புண்டு. மனுவில் கம்பெனி பெயரே இல்லையென்றால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள், முதல் தகவல் அறிக்கையையும் வாங்கிப் படியுங்கள்.

இரண்டாவதைப் பலரும் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களுக்காக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் 55எச் வரை புதிதாகச் சேர்த்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை பாரம் 29சி மூலம் போர்ட்டலில் தெரிவித்துவிட்டால், அங்கிருந்து அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், அதனால் வரும் வம்புக்கும் அவரே பொறுப்பு. நீங்கள் கொடுத்தது 2024 மார்ச், அதாவது இந்த விதிகள் வந்து ஒரு வருடம் கழித்து. ஷோரூம் அங்கீகாரம் வைத்திருந்ததா, 29சி போட்டார்களா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போட்டிருந்தால் உங்கள் கதையே மாறிவிடும். என் அனுமானம், போட்டிருக்க மாட்டார்கள்.

முறையாகப் பெயர் மாற்றாமல் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், எல்லாம் காசுதான். ஆர்.சி.யில் இடையில் ஒரு பெயர் ஏறினால் அது ‘செகண்ட் ஓனர்’ வண்டி, அடுத்து வாங்குபவருக்கு ‘தேர்ட் ஓனர்’ வண்டி, விலை இறங்கும். ஓப்பன் ஆர்.சி.யாக, அதாவது விற்றவர் பெயரிலேயே விட்டு, கையில் வைத்திருந்தால் பெயர் மாற்றச் செலவும் இல்லை, ‘சிங்கிள் ஓனர்’ என்று சொல்லியே விற்கலாம். அவர்கள் மிச்சம் பிடித்த அந்தச் சில ஆயிரங்களுக்கான ஆபத்தை நீங்கள் சுமந்திருக்கிறீர்கள். பெட்ரோலிலிருந்து கரண்டுக்கு மாறி மாதம் 7,000 மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 84,000. தீர்ப்பாயம் 10 லட்சம் என்று சொன்னால் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருட மிச்சமும் போச்சு, அதற்கு மேல் மனு போட்ட தேதியிலிருந்து வட்டி. கார் வாங்கும்போது கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று நுணுக்கமாகக் கணக்குப் போடுகிற நாம், பழைய வண்டியின் ஆர்.சி.யை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. நோட்டீஸில் உள்ள தேதிக்கு வக்கீலோடு போய் ஆஜராகுங்கள். ‘வண்டிதான் என்னுடையது இல்லையே’ என்று வீட்டில் இருந்துவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும், பிறகு பிரிவு 174இன் கீழ் கலெக்டர் மூலம் வருவாய் பாக்கி போல வசூலிக்க வருவார்கள், அப்போது அழுது பயனில்லை. எதிருரையில் (மனுவுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலில்) எல்லாவற்றையும் சொல்லி, ஷோரூமையும் புரோக்கரையும் வண்டியை வைத்திருந்தவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க மனு போடுங்கள். இதனால் குடும்பத்துக்கு நீங்கள் தர வேண்டிய பொறுப்பு அழிந்துவிடாது, ஆனால் நாளைக்கு ஷோரூமிடமிருந்து அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க இதுதான் அடித்தளம். டெலிவரி நோட், எக்ஸ்சேஞ்ச் தொகை கழித்த இன்வாய்ஸ், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பைச் சாட்சியாக வைக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதாது.

ஒரு எச்சரிக்கை. விபத்து வண்டியை நீதிமன்றத்திலிருந்து எடுக்க வழக்கமாக ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் மனு போட வேண்டும் என்பதால், ‘சார், ஒரே ஒரு கையெழுத்து’ என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வரலாம். நானே உரிமையாளர் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு பேப்பர் போய்விட்டால் உங்கள் வழக்கை நீங்களே கெடுத்த மாதிரி. ஓட்டியவர் யார் என்று போலீஸ் எழுத்தில் கேட்டால் மட்டும், பிரிவு 133 இருப்பதால், மௌனமாக இருக்காதீர்கள், வண்டியை யாரிடம், எப்போது கொடுத்தீர்கள் என்பதை எழுத்தில் பதில் கொடுங்கள்.

பெயர் மாற்றிக் கொடுக்காதது சேவைக் குறைபாடு, அதற்கு ஷோரூம் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் போடலாம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம், 16 லட்சக் காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். ஆனால் 2 வருடக் கெடு உண்டு. நோட்டீஸ் வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று நாம் வாதிடலாம், அவர்கள் 2024 மார்ச்சிலிருந்து எண்ணுவார்கள். கெடு தாண்டிவிட்டதாகத் தோன்றினால் தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

ரேஞ்ச் விஷயம் அவ்வளவு வலுவானது இல்லை. விளம்பரத்தில் வரும் எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது, ஏசி போட்டு நான்கு வழிச்சாலையில் நூறில் போனால் குறையத்தான் செய்யும், அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். விற்பனையாளர் ‘ரோட்டிலேயே இத்தனை கிலோமீட்டர் வரும்’ என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்தாலோ, பேட்டரி நிஜமாகவே திறன் இழந்திருந்தாலோ அது வேறு. சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கி, எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்று வாரண்டி புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே இருந்தால் அந்த அறிக்கையோடு எழுதுங்கள், அந்தப் புகாரை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.