எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

வணக்கம் ஐயா. நாலு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டு வாசலிலேயே தண்ணீர் லாரி மோதி அப்பா இறந்தார். அம்மா கண்ணெதிரே நடந்தது. இப்போதும் ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு உதறுகிறது, தூக்கமே இல்லை. டாக்டரிடம் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மறுக்கிறார். நஷ்டஈட்டு மனுவில் ‘மன உளைச்சல்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறார் வக்கீல். எவ்வளவு கிடைக்கும்?
- எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

தொகையை விடுங்கள். கால் முறிந்திருந்தால் நாலு மாதம் வீட்டில் வைத்திருப்பீர்களா? அந்த நாலு பேரா ராத்திரி அம்மாவோடு விழித்திருக்கிறார்கள்?

விபத்தைப் பார்த்த அதிர்ச்சியில் மனம் நோயுற்றவருக்கு நஷ்டஈடு தருவதில் இங்கிலாந்துச் சட்டம் கடிகாரம் பார்க்கிறது. மெக்லாக்லின் வழக்கில் (1982) விபத்து நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்த தாய், எண்ணெயும் சேறுமாகக் கிடந்த குடும்பத்தைப் பார்த்தார், ஜெயித்தார். 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் மைத்துனரை இழந்த அல்காக், எட்டு மணி நேரம் கழித்துப் பிணவறையில் அடையாளம் காட்டினார், தோற்றார். உடலைத் துடைத்து வைத்துவிட்டால் பார்க்கிறவருக்கு நோய் வராதா? அதே வழக்கில் இரண்டு சகோதரர்களை இழந்த ஒருவர் மைதானத்திலேயே இருந்தவர். பாசத்துக்கு ஆதாரம் காட்டவில்லை என்று அவரையும் தள்ளினார்கள். கூடப் பிறந்தவன் மேல் பாசம் உண்டென்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டுமாம்! வெள்ளம்போல் வழக்கு வரும் என்ற பயத்தில் போட்ட வேலி இது. மருத்துவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தீர்ப்புகள் நம் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. உங்கள் அம்மாவோ நேரிலேயே பார்த்தவர். ஆனால் துக்கம் வேறு, நோய் வேறு. மனைவி என்ற முறையில் கிடைக்கும் தொகையோடு இதைக் கலக்காமல், பாதிக்கப்பட்டவராக அவர் பெயரில் தனி மனு போடச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 165 ‘உடல் காயம்’ என்கிறது. மன நோய் உடல் காயமா என்று இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஒற்றை வரி மனு அங்கேயே விழும்.

மனநல மருத்துவர் நோயின் பெயரை எழுத வேண்டும். ‘ஸ்ட்ரெஸ்’ போதாது, பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய்) என்றால் அப்படியே எழுதட்டும். மனு போடுவதற்கு முந்தின வாரம் வாங்கிய சர்ட்டிஃபிகேட்டை எவரும் மதிக்க மாட்டார்கள். ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, தேதிகள் வரிசையாக இருக்கட்டும். டாக்டர் சாட்சி சொல்ல வருவாரா என்று இப்போதே கேளுங்கள். முன்பு ஏதாவது சிகிச்சை எடுத்திருந்தால் மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் வெளியே வரும். அம்மா நேரில் பார்த்தது போலீஸ் வாக்குமூலத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது பிரிவு 166(3). இரண்டு மாதம்தான் பாக்கி. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.