பக்கத்துக் குடித்தனக்காரருக்கு வந்த உத்தரவு உங்களையும் காலி செய்யுமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் இரண்டாங்கட்டில் 2015 முதல் வாடகைக்கு இருக்கிறோம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வீட்டுப் பெரியவர் காலமான பின் பங்காளிகள் இருவர் தனித்தனியே வாடகை கேட்கிறார்கள். முகப்பில் குடியிருந்தவரை வாடகை நீதிமன்றம் காலி செய்யச் சொல்லிவிட்டது. வாடகைத் தீர்ப்பாயத்தில் அவர் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடி. அந்த உத்தரவைக் காட்டி, நாங்களும் இந்த மாதமே கிளம்ப வேண்டும் என்கிறார் புரோக்கர். கிளம்பத்தான் வேண்டுமா?”

வேண்டாம். அது அவர் வழக்கு. உங்களைக் காலி செய்ய வேண்டுமானால் உங்கள் மேல் தனியாக மனு போட்டு, நோட்டீஸ் அனுப்பி, உங்கள் பதிலையும் கேட்டாக வேண்டும். அதற்கு முன் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினால் வாடகைச் சட்டத்துக்கென அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

ஆனால் அந்த உத்தரவு எந்தக் காரணத்துக்காக வந்தது என்று பாருங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் உங்களுக்குக் கவலை இல்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பது காரணமானால், அதே காரணத்தை உங்கள் மேலும் சொல்ல முடியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. இத்தனை ஆண்டாகியும் இதைத் தெருத்தெருவாக எடுத்துச் சொல்ல ஓர் அலுவலகமும் முன்வரவில்லை. ஜனங்கள் தெரிந்துகொள்வதெல்லாம் நோட்டீஸ் வந்த பிறகுதான். ஒப்பந்தம் போடலாம் என்று இரு பங்காளிகளுக்கும் இன்றே ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள், கடிதம் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள்.

பங்காளி விஷயம்தான் நம் பக்கத்தில் ஆளைக் கவிழ்க்கும். “அவர்களுக்குள்ளேயே சண்டை, யாருக்கும் வாடகை தராதே, வழக்கு நிற்காது” என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். நம்பாதீர்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தனியாக வந்தாலும் வழக்கு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. இன்னொருவர் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, மலேசியாவில் இருந்தாலும் சரி. நீங்கள் வாடகையை நிறுத்தினால் பாக்கி என்ற காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தாலோ மற்றவர் வரவில்லை என்பார். யாரிடம் கொடுப்பது என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், வாடகையை வாடகை அதிகாரியிடமே செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாதம் தவறாமல் அங்கே கட்டி ரசீது வாங்குங்கள். கவுண்டரில் “இதெல்லாம் இங்கே வாங்குவதில்லை” என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள், மனுவாக எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

புரோக்கருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? ஆள் இல்லாத வீட்டில்தான் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றி விற்க முடியும். நம் ஊர்களில் எத்தனை வீடுகள் அப்படிப் போயின! அவர் நீட்டும் வெற்றுப் பத்திரத்திலோ, ‘சொந்த விருப்பத்தில் காலி செய்கிறேன்’ என்ற கடிதத்திலோ கையெழுத்துப் போடவே போடாதீர்கள். முகப்புக்காரருக்கு வந்த தீர்ப்பாய உத்தரவைச் சமாளித்துவிடலாம், அந்தக் கையெழுத்தைச் சமாளிப்பது மிகக் கஷ்டம். பதினோரு மாதப் பத்திரம் எழுதினால் போதும், பதிவு வேண்டாம் என்பதும் புரோக்கர்கள் பேச்சுதான். எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

வீடு கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமென்றால் வேறு விதி. உங்களுடையது அப்படி இல்லை. 2015 முதல் வாடகை கொடுத்ததற்கு பேங்க் பாஸ்புக்கோ பெரியவர் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டோ எது இருந்தாலும் தேடி எடுங்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கு எழுத்து இல்லையென்றால், அப்போது உடன் இருந்தவர் யார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.