நான்கு கார் காத்திருக்கும்போது 100 வரை ஏற்றலாமா?

மின்சார கார் பற்றிய வாசகர் கேள்விகளில் இந்த மாதம் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை சார்ஜிங் வரிசையைப் பற்றியவை. தொடர் விடுமுறை முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது கடிதங்களின் சூட்டிலேயே தெரிகிறது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு முன்னால் இருந்தவர் 82 சதவீதம் தாண்டியும் காரை எடுக்கவில்லை. பின்னால் நாங்கள் நான்கு கார்கள். கேட்டதற்கு, "நானும் காசு கொடுத்துத்தானே ஏத்துறேன், முழுசா ஏறினாத்தான் கிளம்புவேன்" என்றார். சின்னக் குழந்தைகளோடு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா சார்?
— ஒரு வாசகி

இல்லை அம்மா. அவர் காசு கொடுத்தது மின்சாரத்துக்கு. அவர் எடுத்துக்கொண்டதோ உங்கள் எல்லோருடைய நேரத்தையும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன்.

லித்தியம் அயனி பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும். ஏற ஏற அதன் மின்னழுத்தம் உயர்ந்து மேல் வரம்பைத் தொடும். அதற்குப் பிறகும் அதே வேகத்தில் தள்ளினால் அயனிகள் எதிர்முனைக்குள் நுழைய இடம் கிடைக்காமல், அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுளுக்கும் பாதுகாப்புக்கும் அது கெடுதல். அதனால் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட நிரம்பிவிட்ட அரங்கில் கடைசியாக வருபவர்கள் இருக்கை தேடி அலைவது போலத்தான். பெரும்பாலான கார்களில் இந்த இறக்கம் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரியும்.

60 யூனிட் பேட்டரி உள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 42 யூனிட் வேண்டும். சராசரி 100 கிலோவாட் கிடைத்தால் 25 நிமிடம். மிச்சமுள்ள 20 சதவீதம் வெறும் 12 யூனிட்தான். ஆனால் அதற்கு இன்னொரு அரை மணி நேரம் ஆவது சாதாரணம். நான்கு கன் (காரில் மாட்டும் சார்ஜர் முனை) உள்ள நிலையத்தில் எல்லோரும் 25 நிமிடத்தில் கிளம்பினால் மணிக்கு ஒன்பது கார் போகலாம். எல்லோரும் 55 நிமிடம் இருந்தால் நாலு கார்தான். புதிதாக ஒரு சார்ஜர்கூட வைக்காமல், ஒரு கம்பிகூட இழுக்காமல், நிலையத்தின் திறனை இரண்டு மடங்கு ஆக்கும் வழி ஓட்டுநர்களின் கையிலேயே இருக்கிறது. எனக்கு இதில் ஆதங்கம் அதிகம், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

முழுசா ஏற்றியவருக்கும் அதில் லாபம் கிடையாது. நீண்ட பயணத்தில் 10க்கும் 70க்கும் நடுவே இரண்டு முறை நின்று ஏற்றுகிறவர், ஒரே இடத்தில் 100 வரை காத்திருப்பவரைவிடப் பெரும்பாலும் முன்னதாகவே போய்ச் சேருவார்.

விதிவிலக்கு உண்டு. அடுத்த சார்ஜர் உண்மையிலேயே தொலைவில் இருந்தால், அல்லது மலை ஏற வேண்டியிருந்தால், 90 வரை தேவைப்படலாம். அப்போது பின்னால் நிற்பவரிடம் போய், "அடுத்த நிலையம் தூரம், இன்னும் 15 நிமிடம் ஆகும்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி வைத்திருக்கும் சிலர், "எங்கள் காரை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லி கம்பெனியே சொல்கிறதே" என்பார்கள். சரிதான். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கார் சரியாகக் கணக்கிட அது உதவும். அதை வீட்டில், இரவில், மெதுவான சார்ஜரில் செய்யுங்கள். நெடுஞ்சாலை அதற்கான இடம் இல்லை.

கேள்வி: கார் நிரம்பி நிற்கிறது, உரிமையாளரைக் காணோம். நாமே கன்னைக் கழற்றி நம் காரில் மாட்டலாமா? ஒருவர் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துவதைப் பார்த்தேன்.

அந்தப் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். அது தீ, புகை, மின்கசிவு போன்ற ஆபத்துக்கானது. அழுத்தினால் சார்ஜர் பூட்டிக்கொள்ளலாம். சில இடங்களில் ஆள் வந்து சரிசெய்யும்வரை யாருக்கும் பயன்படாது. ஒரு காரை நகர்த்தப் போய் ஒரு கன்னையே இழப்பீர்கள். அடுத்தவர் காரில் கன்னை இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். சார்ஜ் ஏறும் நேரத்தில் கார் அதைப் பூட்டி வைத்திருக்கும், ஏறி முடிந்த பிறகும் பல கார்களில் உரிமையாளர் திறந்தால்தான் வரும்.

உரிமையாளர் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கார் ஏறிக்கொண்டிருக்கும்போது விலகிப் போகிறீர்களா? கண்ணாடிக்குப் பின்னால் கைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். ஆப்பிலும் சார்ஜ் வரம்பை 80 என்று வைத்து, அறிவிப்பு ஒலிக்க விடுங்கள்.

நிறுவனங்கள் பக்கத்தில், சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காதவர்களிடம் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் முறையை டெஸ்லா 2016 டிசம்பரில் கொண்டுவந்தது. நிலையம் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் அந்தக் கட்டணம் கிடையாது. 2023இல் இன்னொரு படி போய், நெரிசலான சில நிலையங்களில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் ஏற்றிக்கொண்டே இருந்தாலும் கட்டணம் என்றது. இது நியாயமான முறை என்பது என் கருத்து. கூட்டம் இல்லாத நேரத்தில் யாரையும் தண்டிப்பதில்லை, கூட்டம் இருக்கும்போது மட்டும் கடிக்கிறது. எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

கேள்வி: 120 கிலோவாட் என்று எழுதியிருந்த சார்ஜரில் என் காருக்கு 55தான் வந்தது. சார்ஜர் பழுதா?

பழுதாக இருக்கலாம், ஆனால் முதலில் பக்கத்து கன்னைப் பாருங்கள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கன் வெளியே வந்தால், இரண்டு கார் நிற்கும்போது திறன் பிரிந்துவிடும். இரண்டு பெட்டிகளில் ஒன்று முழுதும் காலியாக இருந்தால் அங்கே போங்கள். பாதி காலியான பெட்டியில் மாட்டினால் உங்களுக்கும் நஷ்டம், ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருப்பவருக்கும் நஷ்டம்.

அடுத்து உங்கள் காரின் வரம்பு. கார் 60 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது என்றால், கூட்டம் இல்லாத சிறிய சார்ஜரே உங்களுக்குப் போதும், பெரியதைப் பெரிய கார்களுக்கு விடலாம். அப்புறம் பேட்டரியின் சூடு. குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். கடுங்குளிர் நாட்களில் சார்ஜிங் வரிசை நீள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காரின் வழிகாட்டியில் சார்ஜிங் நிலையத்தையே சேருமிடமாகக் குறித்தால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைத் தயார் செய்துகொள்ளும்.

கேள்வி: கூட்டம் வரும் என்று தெரிந்தும் ஏன் போதுமான சார்ஜர் வைப்பதில்லை? அலட்சியம்தானே?

அலட்சியமும் உண்டு. பழுதான கன்னை வாரக்கணக்கில் அப்படியே விட்டு வைப்பதை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் எண்ணிக்கை விஷயம் அவ்வளவு எளிது அல்ல.

துணை மின்நிலையங்களோடு வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். 150 கிலோவாட் கன் எட்டு வைத்தால் மொத்தம் 1,200 கிலோவாட். நெடுஞ்சாலை ஓரத்தில் பல இடங்களில் அதற்கான மின்பாதையே இருக்காது. மின்மாற்றி வர வேண்டும், உயர் அழுத்தப் பாதை இழுக்க வேண்டும், அனுமதி கிடைக்க வேண்டும். சார்ஜரை நட்டு வைக்கும் வேலை சில நாட்களில் முடியும், மின் இணைப்பு வர மாதங்கள் ஆகும். பிறகு, விடுமுறை நாளின் மாலைக்காக மட்டும் வைத்த கன் வருடத்தின் மற்ற நாட்களில் சும்மா நிற்கும். கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே உள்ள கெட்டில்மன் சிட்டியில் 40 கன் கொண்ட நிலையம் இருக்கிறது. 2019 நவம்பர் விடுமுறையில் அங்கேயும் நீண்ட வரிசை நின்றது.

ஆனாலும் நிலையத்தை எப்படி அமைப்பது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1909 முதல் வெளியிட்ட வரிசைக் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். ஒரு கன், ஒரு காருக்குச் சராசரி 30 நிமிடம், கன் 80 சதவீத நேரம் வேலையில் இருக்கிறது, கார்கள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன, ஏறும் நேரமும் காருக்குக் கார் அதேபோல் தாறுமாறாக மாறுகிறது என்று வையுங்கள். சராசரிக் காத்திருப்பு 2 மணி நேரம்! அதே அளவு நெரிசலில் நாலு கன்னை ஒரே இடத்தில், ஒரே வரிசையாக வைத்தால் சுமார் 22 நிமிடம். ஒவ்வொரு ஊர் முனையிலும் ஒற்றை சார்ஜர் வைத்து "இத்தனை நிலையங்கள் திறந்தோம்" என்று கணக்குக் காட்டுவது ஓட்டுநருக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் முக்கிய நெடுஞ்சாலைகளில் 2025 இறுதிக்குள் ஒவ்வொரு திசையிலும் 60 கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம், அங்கே மொத்தம் குறைந்தது 400 கிலோவாட், அதில் ஒரு கன்னாவது 150 கிலோவாட் என்று விதி வைத்தது. இடைவெளியோடு நிலையத்தின் மொத்தத் திறனையும் சேர்த்துச் சொன்னதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

கேள்வி: ஆப்பில் "காலி" என்று காட்டியது. போனால் ஆறு கார் வரிசையில்! இன்னொருவர் குறுக்கே புகுந்து மாட்டியும்விட்டார். என்ன செய்வது?
— வாடகைக் கார் ஓட்டும் வாசகர்

ஆப் கன்னைத்தான் பார்க்கிறது, வரிசையைப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்த நிமிடத்தில் ஒருவர் கிளம்பியிருப்பார், அடுத்தவர் மாட்டுவதற்குள் "காலி" என்று வந்திருக்கும். ஒரு கன் வெகுநேரமாகக் காலி என்றே காட்டினால் அது பழுதாகவும் இருக்கலாம், சமீபத்தில் யாராவது அதில் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே நிலையத்துக்குள் நுழையுங்கள். கூட்டமாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போகத் தெம்பு இருக்கும். 5 சதவீதத்தோடு வந்து நிற்பவருக்குத் தேர்வு கிடையாது.

குறுக்கே புகுந்தவருடன் சண்டை போட்டால் உங்கள் சவாரிதான் தாமதமாகும். வந்ததும் இறங்கி, கடைசியாக நிற்பவர் யார் என்று கேட்டு, அவருக்கு அடுத்து நீங்கள் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின் வருபவரிடமும் அதையே சொல்லுங்கள். ஆறு பேருக்கும் முறை தெரிந்துவிட்டால் ஏழாவது ஆள் புகுவது கடினம். எந்த கன் காலியானாலும் வரிசையில் முதலில் நிற்பவருக்கே போகட்டும், கன்னுக்கு ஒரு வரிசை வேண்டாம். உங்கள் முறை வந்ததும், எத்தனை சதவீதத்தில் எடுப்பீர்கள் என்பதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.