பிக்கப் வண்டியின் பின் ஷாக் அப்சார்பரை எப்போது மாற்றுவது? எதைப் பார்த்து வாங்குவது?

வண்டியின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்தான் ஷாக் அப்சார்பர். பள்ளத்தில் இறங்கி வளைந்த ஸ்பிரிங் பட்டை, விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிப் போவதால், அந்த ஆட்டம் வெப்பமாகி அடங்குகிறது. கதவைப் படாரென்று அடிக்கவிடாத டோர் க்ளோசரும் இப்படித்தான்.

எண்ணெய் கசிந்தாலோ, மேடு தாண்டியும் பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள், இடது வலது இரண்டையும் சேர்த்தே. வாங்கும்போது நீளம்தான் முக்கியம். பின்பக்கத்தை உயர்த்தியிருந்தால் பழைய அளவு போதாது, இழுபட்டே கெட்டுவிடும். அப்புறம், ஷாக்கின் முனையில் போல்ட் நுழையும் ரப்பர் வளையமான புஷ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் அந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும்.

கனமான ஷாக் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; வழக்கமான ஷாக் பாரம் தாங்குவதில்லை, அது ஸ்பிரிங் பட்டையின் வேலை.