குடியை விட்ட கல்லூரி மாணவனுக்குச் சக மாணவர் குழு உதவுமா?

சேலத்தில் படிக்கும் உங்கள் தம்பி குடியை விட்டிருக்கிறார், அதேபோல் குடியை விட்ட சக மாணவர்களின் குழுவால் பயனுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. சனிக்கிழமை மாலைதான் கஷ்டம். "பைக்கை எடு மச்சி, ஏற்காடு போலாம்" என்று ஹாஸ்டலே கிளம்பும். அப்போது போன் போட, அதே பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவன் வேண்டும். அவன் அறிவுரை சொல்லமாட்டான். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, சாப்பிட வா" என்பான். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய, குடியை விட ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு நிற்பதே இதில்தான். அங்கே கட்டணமும் கிடையாது.

ஆனால் குழு டாக்டர் ஆகாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டால் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

அப்புறம், தம்பியை உளவு பார்க்கும் வேலையை அந்த நண்பனிடம் கொடுத்துவிடாதீர்கள்.