திருவொற்றியூர் வாசலுக்குப் பூவரசு: போத்தா, விதையா?

கேள்வி: கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. போர் தண்ணீர் உப்பு. வைத்த செடியெல்லாம் கருகுகிறது. பூக்கிற சின்ன நாட்டு மரம் எது தாங்கும்? எப்படி வைப்பது?

பூவரசு வையுங்கள். உப்புக்காற்றும் மணலும் அதற்குப் பழக்கப்பட்டவை, கடலோரமே அதன் சொந்த இடம். காலையில் மஞ்சளாக விரியும் பூ சாயங்காலத்துக்குள் செம்மையேறி வாடும். வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் பூ இருக்கும்.

எல்லோரும் கிளையைப் போத்தாக வெட்டி நடச் சொல்வார்கள். ஐப்பசி மழையில் நட்டால் சீக்கிரம் துளிர்க்கும், உண்மைதான். ஆனால் போத்தில் ஆணிவேர் வராது. தடித்த போத்தாக இருந்தால் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் இறங்கி நடுமரம் உளுத்துப்போகும். புயலடிக்கும் ஊரில் வீட்டு வாசலுக்கு அது ஆகாது. வேலிக்குப் போத்து, வாசலுக்கு விதை.

காய்ந்த காயை உடைத்து விதை எடுங்கள். தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, மண் நிரப்பிய பையில் ஒரு அங்குல ஆழத்தில் போட்டால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். தேய்க்காத விதை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கன்று இரண்டடி ஆனதும் நடலாம். பை அடியில் வேர் சுருண்டிருந்தால் அதை வெட்டிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் பிறகும் சுருண்டே வளரும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி. தோண்டிய மணலோடு பாதியளவு செம்மண், ஒரு கூடை மக்கிய தொழுவுரம். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, மேலே கரண்டுக் கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள்.

வளர்ந்த மரம் உப்புத் தண்ணீரைத் தாங்கும், கன்று தாங்காது. முதல் கோடை முழுக்க மெட்ரோ தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீரோ கொடுங்கள். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர்தான் என்றால் தினம் ஒரு சொம்பு ஊற்றாதீர்கள், மேல்மண்ணில் உப்புதான் சேரும். வாரம் இரண்டு முறை, இரண்டு குடம், வேருக்குக் கீழே இறங்கும்படி ஊற்றுங்கள். கிழக்குப் பக்கம் ஆறு மாதம் பச்சை வலை கட்டினால் இலை நுனி கருகாது.

யூரியா வேண்டாம். தளதளவென்று இளந்துளிர் வந்தால் மாவுப்பூச்சிக்குத்தான் விருந்து. பூச்சி வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். காயில் கூட்டமாக மொய்க்கும் சிவப்புப் பூச்சி மரத்தைக் கெடுக்காது, மருந்து தேவையில்லை.

கிளை கழிப்பதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். உச்சியை மொட்டையடிக்காமல், உள்ளே நெருக்கிய கிளைகளை மட்டும் அடியோடு எடுத்தால் புயல்காற்று ஊடே புகுந்து போய்விடும்.